வானொலிப் பேட்டியும் தெரிந்தெடுக்கும் உரிமையும்

செய்தி ஒலிபரப்பிலே பேட்டி தனிச்சிறப்புடையது. ஒருவர் கூறியதாகப் பிறர் வாசிக்கும் செய்தியை அவர் பின்னர் மறுக்கலாம்; அவர்தங் குரலிலேயே கேட்கப்பட்டதை மறுத்தல் அரிது. ஆகவே எப்பேட்டியை ஒலிபரப்புவது, எதனை விடுவது எனத் துணியும் செய்தியாசிரியரின் பொறுப்புப் பெரிதாகும். அரைமணி நேர நிகழ்ச்சியிலே அனைவர் பேச்சும் அடங்காது, தெரிவின்றி ஒலிபரப்பில்லை. ஆயின், தெரிந்தெடுப்பவர் யாவர், எக்காரணம் பற்றித் தெரிந்தெடுக்கின்றார் என்னும் வினா உடனே எழுகின்றது.

யாழ்ப்பாணத்தவர்க்கு இவ்வினா வெறும் ஏட்டுச் சுரைக்காயன்று. 1990ஆம் ஆண்டுக்குப் பின் குடாநாடு பல்லாண்டுகள் மின்சாரமின்றி இருந்தபோது, துவிச்சக்கரவண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலிப் பெட்டியை இயக்கி மக்கள் செய்தி கேட்டனர். ஒருவர் மிதிக்க, ஏனையோர் சூழ்ந்திருந்து செவிமடுப்பர். 1941இல் இலண்டனில் தொடங்கிய பிபிசி தமிழ் ஒலிபரப்பு, ‘தமிழோசை’ என்னும் பெயரோடு சிற்றலையில் அவர்களை எட்டியது. எவர் பேட்டி வந்தது என்பது போலவே, எவர் பேட்டி வரவில்லை என்பதும் அவர்களுக்குச் செய்தியாயிற்று. அதன் தெரிவை நேயர் குறைகூறியதும் உண்டு. ஆயினும், குறைகூறுவதற்கு ஒரு பெயரும் முகவரியும் இருந்தன.

பிற்காலத்தில் அவ்வொலிபரப்பை இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் பண்பலையில் அஞ்சல் செய்து வந்தது. 2008 நவம்பர் இறுதி முதல் அந்நிகழ்ச்சிகள் பன்முறை தடுக்கப்பட்டன. 2009 பெப்ரவரியில் பிபிசி தன் செய்திகளைக் கூட்டுத்தாபனத்துக்கு வழங்குவதை நிறுத்திற்று. மீண்டும் தொடங்கிய ஏற்பாடு, அத்தகைய குறுக்கீட்டினாலேயே, 2013 மார்ச்சில் மறுபடியும் நின்றது. இலண்டனில் ஆசிரியர் விட்ட பேட்டிக்கு அவர் விடைகூறக் கடமைப்பட்டவர். அஞ்சலில் அறுக்கப்பட்ட பேட்டிக்கு விடைகூறுபவர் எவர்?

பிபிசியும் தன் நாட்டில் இவ்விடுக்கண் அறியாததன்று. 1988 ஒக்டோபரில் பிரித்தானிய உள்நாட்டமைச்சர் டக்ளஸ் ஹேர்ட், வட அயர்லாந்துப் பிணக்கிற் சம்பந்தப்பட்ட சில இயக்கத்தாரின் குரலை ஒலிபரப்பலாகாது என விதித்தார். சொல்லை விடுத்துக் குரலை மட்டும் தடுத்த அவ்விதியை, நடிகர் குரலிற் பேட்டிகளை ஒலிக்கச்செய்து நிலையத்தார் கடந்தனர். நகைப்புக்கிடமான அந்நிலை 1994 வரை நீடித்தது.

தெரிவுக்கும் தடைக்கும் இடையிலான வேறுபாட்டை இலங்கை உயர் நீதிமன்றம் 1996இல் ஒரு வழக்கிலே ஆராய நேர்ந்தது. நேயர் தொலைபேசி வாயிலாகப் பங்குபற்றி வந்த முறைசாராக் கல்வி நிகழ்ச்சியொன்றைக் கூட்டுத்தாபனம் 1995 பெப்ரவரியில் திடீரென நிறுத்தியிருந்தது. ஏற்கத்தக்க காரணமின்றி நிறுத்தியமை, பங்குபற்றிய நேயரின் பேச்சுச் சுதந்திரத்தை மீறியதென நீதியரசர் மார்க் பெர்னாண்டோ தீர்ப்பளித்தார். ஒலியலைகள் பொதுச்சொத்து என்பதை இந்திய உச்ச நீதிமன்றம் அதற்கு முந்திய ஆண்டே கூறியிருந்தது.

ஆயினும் இத்தீர்ப்புக்கு ஓர் எல்லையுண்டு. நிகழ்ச்சியிற் பேசியும் வந்த நேயர்க்கே அது பரிகாரம் அளித்தது. தகவல் பெறும் உரிமை தனித்து நின்று அவ்வுறுப்புரையில் அடங்குமென நீதிமன்றம் கொள்ளவில்லை. 2015இல் நிறைவேறிய 19ஆம் திருத்தம் தகவலறியும் உரிமையை அரசியலமைப்பிற் சேர்த்தது உண்மையே. அதுவும் அரச நிறுவனங்கள் முதலியவற்றின் கைவசமுள்ள தகவலைப் பெறுதல் பற்றியது. இருளிலே தைனமோவைச் சுழற்றிச் சிற்றலையைத் தேடியவர் போன்று, கேட்பதொன்றே செய்யும் நேயர் இவ்விரண்டினுள் எதனில் அடங்குவார் என்பது தெளிவாகவில்லை.