எல்லை கடந்த நட்பு

2023ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள், தரைப்படை நாள் அணிவகுப்பு பெங்களூருவில் நடைபெற்றது. தலைநகர் தில்லிக்கு வெளியே அவ்விழா நடைபெற்றது அதுவே முதன்முறை. 1949ஆம் ஆண்டு இதே நாளில்தான் கருநாடகத்தின் குடகுப் பகுதியைச் சேர்ந்த கே. எம். கரியப்பா, இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றார். அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் அவரே.

கரியப்பாவுக்கு மற்றொரு பெருமையும் உண்டு. 1950ஆம் ஆண்டு நேபாளம் தன் படையின் 'மதிப்புறு தளபதி' என்னும் பட்டத்தை அவருக்கு வழங்கியது. அம்மரபு இன்றும் தொடர்கிறது. இந்தியத் தளபதிக்கு நேபாளமும், நேபாளத் தளபதிக்கு இந்தியாவும் இப்பட்டத்தை வழங்குகின்றன. பட்டம் பெற்றவர் அண்டை நாட்டுப் படைக்கு ஆணையிடுவதில்லை. 'உங்கள் தளபதி எங்கள் மதிப்புக்கும் உரியவர்' என்பதே இதன் பொருள்.

அண்டை வீட்டாரிடையே பிணக்கு தோன்றுவது போல, நாடுகளிடையேயும் தோன்றுவதுண்டு. 2020ஆம் ஆண்டு எல்லை வரைபடம் குறித்து இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் கருத்து வேறுபாடு எழுந்தது. ஆயினும் அவ்வாண்டு நவம்பரில் இந்தியத் தளபதி நரவணே காத்மாண்டு சென்றார். நேபாளக் குடியரசுத் தலைவர் அவருக்கு அப்பட்டத்தை அளித்தார். வேறுபாடு முற்றிலும் தீரவில்லை. எனினும் நட்பின் கதவு மூடப்படவில்லை. 2024ஆம் ஆண்டு இரு நாட்டுத் தளபதிகளும் இப்பட்டத்தைப் பெற்றனர்.

தளபதிகளிடம் மட்டுமன்றி, இளம் அதிகாரிகளிடமும் இந்நட்பு வளர்கிறது. நீலகிரியில் உள்ள வெலிங்டன் முப்படை அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரிக்கு நேபாளம், வங்காளதேசம், இலங்கை முதலிய நாடுகளின் அதிகாரிகள் வந்து பயில்கின்றனர். இந்திய அதிகாரிகளும் அண்டை நாடுகளுக்குச் சென்று பயில்கின்றனர். ஏறத்தாழ ஓராண்டு ஒரே வகுப்பில் கற்று, ஒன்றாக உண்டு, விளையாடிப் பழகுகின்றனர். பின்னாளில் அவர்கள் உயர்பொறுப்பை அடையும்போது, எல்லைக்கு அப்பால் இருப்பவர் அயலார் அல்லர். பழைய வகுப்புத் தோழர். தோழரிடம் ஐயத்தைக் கேட்டுத் தெளியலாம். சினத்தையும் பேசித் தீர்க்கலாம்.

பல மொழி பேசும் மாணவர் ஒன்றாகப் பயிலும் பெங்களூரு வகுப்பறைகளிலும் இத்தகைய நட்பே வளர்கிறது.

சொற்பொருள்
மரபு – வழிவழியாக வரும் வழக்கம்
பிணக்கு – மனவேறுபாடு
அயலார் – பிறர், அந்நியர்

வினாக்கள்
1. தரைப்படை நாள் ஜனவரி 15 அன்று கொண்டாடப்படுவது ஏன்?
2. 'மதிப்புறு தளபதி' பட்டத்தின் பொருள் யாது?
3. கருத்து வேறுபாடு கொண்ட நண்பருடன் நட்பைக் காக்க நீ என்ன செய்வாய்? ஐந்து வரிகளில் எழுதுக.