பம்பாய்த் தச்சர் கட்டிய படகு

ஆழ்கடலுக்குப் பெரிய கப்பல்தான் வேண்டும் என்று நினைக்கிறோம். 32 அடி நீளமே உள்ள ‘சுஹைலி’ என்ற பாய்மரப் படகு அதைப் பொய்யாக்கியது. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயக் கப்பல் அதிகாரிக்காக, பம்பாயில் நம் நாட்டுத் தச்சர்கள் தேக்கு மரத்தில் கட்டிய படகு அது.

1968 ஜூனில் இங்கிலாந்திலிருந்து அவர் தன்னந்தனியே புறப்பட்டார். எந்தத் துறைமுகத்தையும் தொடாமல் உலகைச் சுற்றவேண்டும் என்பது போட்டி. குடிநீர்த் தொட்டி மாசடைந்தது. பாயில் விழுந்த மழைநீரைப் பிடித்துக் குடித்தார். பலகை இடுக்கில் நீர் கசிந்தது. கடலில் இறங்கி அடைத்தார்.

வேகத்தில் மிஞ்சிய ஒரு படகு வழியிலேயே மூழ்கிப்போயிற்று. மெதுவான சுஹைலியோ 312 நாட்களில் ஊர் திரும்பியது. புறப்பட்ட ஒன்பது பேரில் முடித்தவர் அவர் ஒருவரே. வேகத்தைவிட உறுதியே கடலில் உயிர் காக்கும். அந்தத் தச்சர்களுக்கு இதைவிட நற்சான்று வேறு ஏது?