குழிக்குள் குதித்த நண்பர்

குண்டு பாய்ந்து உயிர் பிழைத்தவர் ஜோஷ். உடம்பில் பட்ட காயம் ஆறிவிட்டது. மனதில் பட்டது ஆறவில்லை. மனநல நிபுணரிடம் நாள் முழுக்கப் பேசிவிட்டு அவர் வெளியே வரும்போது, கூடத்தில் மேலதிகாரி லியோ காத்திருக்கிறார். வேலை போய்விடுமோ என்று பயந்து நிற்பவரிடம் லியோ ஒரு கதை சொல்கிறார்.

ஒருவன் குழியில் விழுந்துவிடுகிறான். மேலே போகிற டாக்டர் மருந்துச் சீட்டு எழுதிப் போடுகிறார். பாதிரியார் ஜெபத்தை எழுதிப் போடுகிறார். அடுத்து வந்த நண்பனோ உள்ளேயே குதித்துவிடுகிறான். இப்போது இருவருமே மாட்டிக்கொண்டோமே என்று இவன் பதற, தான் ஏற்கெனவே இதில் விழுந்தவன், வெளியேறும் வழி தனக்குத் தெரியும் என்கிறான் நண்பன்.

1999 முதல் 2006 வரை என்.பி.சி. தொலைக்காட்சியில் ஏழு பருவங்கள் ஓடிய ‘தி வெஸ்ட் விங்’ தொடரின் உயிர்நாடி இந்தக் காட்சிதான் என்பேன். ஆரோன் சோர்கின் உருவாக்கிய இந்தத் தொடரின் நாயகன், மார்ட்டின் ஷீன் நடித்த அமெரிக்க அதிபர் பார்ட்லெட். அவருடைய அலுவலகத்தையே கட்டி மேய்க்கும் தலைமை அதிகாரி லியோ மெக்கேரி துணைப் பாத்திரம்தான். ஆனால், வெள்ளை மாளிகையின் அச்சாணி அவர்.

லியோ குறையில்லாத மனிதர் அல்ல. குடிக்கும் மாத்திரைக்கும் அடிமையாகி மீண்டவர். வேலையே பெரிதென்று இருந்ததில் மணவாழ்க்கையையும் இழந்தவர். அவர் சிகிச்சை பெற்ற ரகசியத்தை அலுவலகத்து இளம்பெண் ஒருத்தி வெளியே கசியவிடுகிறாள். வேலை பறிபோன அவளைக் கூப்பிட்டுப் பேசுகிறார் லியோ. அவளுடைய அப்பாவும் குடிகாரர் என்று தெரிகிறது. அந்த வீட்டின் வலி லியோவுக்குப் புரிகிறது. வேலையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். விழுந்து எழுந்தவருக்குத்தான் விழுந்தவர்மேல் இப்படியொரு கனிவு வரும். அதிகாரத்தின் பக்கத்தில் இருக்க வேண்டியவர்கள் இப்படிப்பட்டவர்கள்தான்.

லியோவாக வாழ்ந்த ஜான் ஸ்பென்சர், தாமும் குடியிலிருந்து மீண்டவர் என்பதை வெளிப்படையாகச் சொன்னவர். அதனால்தானோ என்னவோ, அந்தக் குழிக் கதையை அவர் சொல்லும்போது நடிப்பு என்றே தோன்றுவதில்லை. 2002-இல் சிறந்த துணை நடிகருக்கான எம்மி விருது அவருக்குக் கிடைத்தது.

தொடரின் ஆறாம் பருவத்தில் லியோவுக்கு மாரடைப்பு வருகிறது. பிழைத்துத் துணை அதிபர் வேட்பாளராகிறார். 2005 டிசம்பர் 16 அன்று ஸ்பென்சர் நிஜமாகவே மாரடைப்பில் காலமானார். வயது 58. வேறொருவரை அந்த இடத்தில் வைக்கத் தொடர் துணியவில்லை. தேர்தல் நாள் இரவில், வெற்றிச் செய்தி வருவதற்குள் லியோவும் இறந்துபோகிறார்.

பல ஆண்டுகளுக்கு முன், நியூ ஹாம்ப்ஷயர் ஆளுநராக இருந்த நண்பர் பார்ட்லெட்டை அதிபர் தேர்தலில் நிற்கச் சொல்லப் போன லியோ, கை துடைக்கும் காகிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்: ‘அமெரிக்காவுக்காக பார்ட்லெட்’. 2006 மே 14 அன்று ஒளிபரப்பான கடைசிப் பகுதியில், பதவி முடிந்து ஊர் திரும்பும் விமானத்தில், லியோவின் மகள் கொடுத்த பொட்டலத்தைப் பிரிக்கிறார் பார்ட்லெட். உள்ளே, சட்டமிட்ட அந்தக் காகிதம். எட்டு ஆண்டு ஆட்சி முடிந்து அவர் கையில் மிஞ்சியது நண்பனின் கையெழுத்துதான்.