முதல் செலவு மொட்டைமாடிக்கு

புது வீடு கட்டுகிறவர்கள் அதிகம் குழம்புவது சுவரைப் பற்றித்தான். செங்கல்லா, ஃப்ளை ஆஷ் கல்லா, ஏஏசி பிளாக்கா? கேள்வி நியாயமானதே. ஆனால் தமிழ்நாட்டு வெயிலுக்குப் பணத்தை முதலில் போடவேண்டிய இடம் மொட்டைமாடி. சென்னை ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் அங்கே நேர் உச்சிக்கு வந்துவிடும். இடைப்பட்ட மாதங்களிலும் அதிக தூரம் விலகாது. கிழக்குச் சுவருக்கு மதியத்தோடு வெயில் முடிந்துவிடும், மேற்குச் சுவருக்கு அதன் பிறகுதான் தொடங்கும். தளத்துக்கு நாள் முழுக்க ஓய்வே கிடையாது. உச்சிவேளையில் சதுர மீட்டருக்கு 1000 வாட்டை நெருங்கும் வெயில் அதன்மேல் விழுகிறது.

அவ்வளவையும் தாங்க நாம் போட்டிருப்பது நாலைந்து அங்குலக் கான்கிரீட். செங்கல்லைவிட அது வெப்பத்தை நன்றாகவே கடத்தும். மேலே ஏறிய சூடு கீழ்ப்பக்கம் வந்துசேரச் சில மணி நேரம் ஆவதால், சாயங்காலம் தெருவில் காற்று வீசும்போதும் மேல்மாடி அறையில் ஃபேன் அனலைத்தான் தள்ளும். மத்திய மின் அமைச்சகம் 2018-ல் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா விதிமுறைப்படி, உள்ளுக்கும் வெளிக்கும் ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் கூரை வழியே சதுர மீட்டருக்கு 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் கடக்கக் கூடாது. வெறும் கான்கிரீட் தளத்தில் இது 3 வாட்டைத் தாண்டும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதிக்கும் பழைய முறை ஓரளவு குறைக்கும், ஆனால் அது மட்டும் 1.2-க்குக் கொண்டுவராது. பழமையைப் பாடுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. தளத்தின்மேல் இரண்டு அங்குல வெப்பத்தடுப்புப் பலகை வைத்து, அதற்குமேல் காரை போட்டு வெள்ளை ஓடு பதித்தால் அளவு தாராளமாக உள்ளே வந்துவிடும்.

அறைக்குள் ஃபால்ஸ் சீலிங் போட்டால் போதாதா என்பார்கள். அறைச்சூடு குறையும், உண்மைதான். ஆனால் தளம் வெயிலிலேயே கிடக்கும். 10 மீட்டர் நீளக் கான்கிரீட் 25 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் நீளும்; இரவில் சுருங்கும். மேல்மாடிச் சுவரும் தளமும் சேரும் இடத்தில் ஓடும் கிடைக்கோட்டு விரிசலுக்கு இது ஒரு முக்கியக் காரணம். தடுப்பு மேலே இருந்தால் தளமே சூடேறாது. ஏசி இருக்கிறதே என்பது அடுத்த பதில். ஏசி காற்றைக் குளிர்விக்கும். சுட்ட கூரையோ ஆளின்மேல் நேரடியாக வெப்பத்தை வீசிக்கொண்டே இருக்கும். அதனால்தான் 24-ல் வைத்தும் புழுங்குகிறது என்று 20-க்கு இறக்குகிறோம், மீட்டர் ஓடுகிறது.

நாளை இன்னொரு மாடி எடுக்கப்போகிறோம், இப்போது ஏன் தளத்துக்குச் செலவு என்ற கேள்விதான் கனமானது. அப்படிப்பட்டவர்கள் பலகையை விட்டுவிடலாம். வெள்ளைப் பூச்சு ஒன்றே, புதிதாக இருக்கும்வரை, விழும் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். தூசி படிந்தால் பலன் குறையும்; கோடைக்கு முன் தேய்த்துக் கழுவ வேண்டும், சில வருடத்துக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு, வீடு முழுக்கக் கல்லை மாற்றும் செலவில் ஒரு சிறு பங்கு. ஏஏசி பிளாக் செங்கல்லைவிட வெப்பத்தை வெகுவாகத் தடுக்கும். மிச்சப் பணம் இருந்தால் அதை மேற்குச் சுவருக்கு வாங்கலாம்.