கண்ணாடி அலுமாரியில் ஒரு குத்துவிளக்கு

கிளிநொச்சியிலே புதிதாக வீடு கட்டிக் குடிபுகுந்த பழைய மாணாக்கர் ஒருவர் சென்ற மாதம் என்னை அழைத்திருந்தார். முன்மண்டபத்துக் கதிரையில் அமர்ந்ததும் என் கண்ணிற் பட்டது ஒரு கண்ணாடி அலுமாரி. அதன் நடுத்தட்டில், மின்னொளி மேலிருந்து விழ, பித்தளைக் குத்துவிளக்கு ஒன்று நின்றது. திரியில்லை, எண்ணெயில்லை. பாதத்தின் ஒருபுறம் நெளிந்திருந்தது.

அவ்விளக்கின் வரலாறு வன்னி மக்களுக்குப் புதிதன்று. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஊரே கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தபோது, சுமக்க இயலாதவற்றைக் கிணற்றடியிற் புதைத்துவிட்டுச் சென்ற குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று. 2010இல் மீண்டு வந்து தோண்டுகையில் மண்வெட்டி பட்டு உண்டானதே அந்நெளிவு.

“ஐயா, இதை இப்படி வைக்கிறது பிழையோ?” என்று கேட்டார் அவர். “கொளுத்தாத விளக்கு வீட்டிலை நிக்கப்படாது தம்பி” என்பது அவருடைய தாயாரின் கட்சி. “வாற சனத்துக்குக் காட்ட எங்களிட்டை வேறை என்ன மிஞ்சினது?” என்பது மனைவியின் கட்சி. தீர்ப்புக் கூறும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

விரைந்து விடை கூற இயலவில்லை. ‘சோடனை’ என்னும் நம்மூர்ச் சொல்லையே எண்ணிப் பாருங்கள். தேரைச் சோடிக்கிறோம், சுவாமியைச் சோடிக்கிறோம், மணவறையைச் சோடிக்கிறோம், வீட்டையும் சோடிக்கிறோம். வழிபாடு வேறு, அழகு வேறு என்று நம் முன்னோர் சுவரெழுப்பிப் பிரித்தாரல்லர். வாயில் மாவிலைத் தோரணமும், முற்றத்துக் கோலமும், தலைவாசல் நிறைகுடமும் இவ்விரண்டில் எதனைச் சேர்ந்தவை?

சோடனையாக வந்த பொருள் வழிபாட்டுக்கு உரியதாகிய கதையும் உண்டு. ஓவியர் ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் நிறுவித் தெய்வத் திருவுருவங்களை வண்ணப் படங்களாக வெளியிட்டார். இன்று நாம் பூச்சாத்திக் கும்பிடும் இலக்குமி, சரசுவதி படங்கள் பல அவற்றின் வழிவந்தவையே. சுவருக்கு அழகென்று வாங்கி மாட்டிய படத்தின்முன் ஒருநாள் ஒருத்தி பூ வைத்திருப்பாள். அன்றே அது சாமிப்படமாகிவிட்டது.

இதற்கு எதிர்த்திசையிற் சென்று மீண்டவர் பத்தூர் நடராசர். அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் 1976இல் மண்ணுள்ளிருந்து வெளிப்பட்ட அவர், கைமாறிக் கைமாறிக் கடல் கடந்து, 1982இல் கனடா நாட்டு நிறுவனமொன்றினால் இலண்டனில் விலைக்கு வாங்கப்பட்டார். வழக்கு எழுந்தது. பாழடைந்து கிடந்த அக்கோயிலும் வழக்காடும் உரிமையுடையதே என்று இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1991இல் ஏற்றுக்கொள்ள, நடராசர் நாடு திரும்பினார். வழிபாடு அற்றுப்போன கோயிலுக்கும் உரிமை அற்றுப்போகவில்லை என்பது எனக்கு வியப்பளிக்கும் செய்தி.

ஆலயத்திற் பிரதிட்டை செய்யப்பெற்ற திருவுருவத்தை அழகு கருதிப் பெயர்த்தெடுத்தல் எவ்வகையிலும் தகாது. கடையில் வாங்கிய சிற்பத்தின் நிலை வேறு. அதனை வரவேற்பறையில் வைப்பதற்கு நான் தடை சொல்லேன். செருப்புக் கழற்றும் இடத்திலும் குளியலறைச் சுவரிலும் வையாதிருந்தாற் போதும். இவ்விடத்தில் ஒன்று கூறாதிருக்க முடியவில்லை. சிற்பத்தை எத்திசை நோக்கி வைப்பது என்று நுணுகி ஆராய்கின்ற நாமே, பிள்ளையார் படம் அச்சிட்ட ஊதுபத்திப் பெட்டியைக் குப்பையில் எறிகிறோம்; சென்ற ஆண்டு நாட்காட்டியிலுள்ள முருகனைக் கோயில் வேம்படியிற் சாத்திவைத்து மழையில் நனைய விடுகிறோம்.

விளக்கிற்கு வருவோம். விளக்குத் திருவுருவமன்று, சுடர் தங்கும் இடம். நம் மண்ணிலேயே இதற்குச் சான்று உண்டு. சிலாவத்தைக் கடற்கரையில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் ஆலயத்தில் அவ்வுப்புநீர் கொண்டே விளக்கெரித்து, பின்னர் வைகாசிப் பொங்கலுக்காக வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் சந்நிதிக்குக் கொண்டுசெல்லும் மரபை அறியாதார் வன்னியில் இலர். இளமை தொட்டு அக்கூட்டத்தில் நின்றிருக்கிறேன். கடல்நீரில் எரியும் சுடரைக் காண்பதற்கே அடியார்கள் நெருக்குண்டு தவிப்பர். அச்சுடரை ஏந்திய கலம் எத்தகையது என்று எவரும் பேச நான் கேட்டதில்லை.

ஆகவே தாயாரின் பக்கம் நின்றேன். எனினும் முழுமையாக அன்று. மருமகள் சொல்லிலும் நியாயமுண்டு. சாமியறைக் கதவுக்குப் பின்னே விளக்கை வைத்துவிட்டால், அந்நெளிவு எப்படி வந்ததென்று பேரப்பிள்ளைகள் எப்போது கேட்பார்கள்? விளக்கு முன்மண்டபத்திலேயே நிற்கட்டும். வருவோர் போவோர் காணட்டும். கண்ணாடிக்குள் மட்டும் வேண்டாம் என்றேன். வெள்ளிக்கிழமைதோறும் புளியிட்டுத் துலக்கித் திரியிட்டு ஏற்றட்டும் என்றேன். வீட்டில் நெய் இல்லையே என்றார் மாணாக்கர். தேங்காயெண்ணெய் போதும் என்று தாயார் உள்ளிருந்து குரல் கொடுத்தார்.

சென்ற வெள்ளியன்று மாலை அவ்வழியே போனபோது எட்டிப் பார்த்தேன். தாழ்ந்த மரப்பீடமொன்றில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அலுமாரியின் நடுத்தட்டில் சின்னவன் ஓட்டப்போட்டியில் வென்ற கிண்ணம் இருந்தது. பாதத்தைத் தட்டி நிமிர்த்தித் தருவதாகக் கன்னார் ஒருவர் சொன்னாராம், தாயார்தான் உடன்படவில்லை.