உங்களுக்குத் தெரியுமா? எலும்பில் ஒளிந்திருக்கும் ஈயம்

பழைய பேட்டரியை உடைத்து உருக்கும் இடத்து ஈயத்தூள், சட்டையிலும் சேலையிலும் ஒட்டி வீட்டுக்கே வந்துவிடும். உடம்பில் சேரும் ஈயத்தில் பெரும்பங்கு எலும்பில் பல ஆண்டுகள் தங்கும். கர்ப்ப காலத்தில் பிள்ளைக்குச் சுண்ணாம்புச்சத்து கொடுக்க எலும்பு கரையும்போது, அந்தப் பழைய ஈயமும் ரத்தத்தில் கலக்கும்; நஞ்சுக்கொடி அதைத் தடுப்பதில்லை. வேலையை விட்டு வருஷங்கள் ஆனாலும் ஆபத்து போய்விடாது என்பதுதான் கவலை.

பாதரசமும் நஞ்சுக்கொடியைக் கடக்கும். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு, மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடந்தது 2001இல் அம்பலமாகி, ஆலை மூடப்பட்டது.

சுண்ணாம்புச்சத்தும் இரும்புச்சத்தும் குறைந்த உடம்பு ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். நாகலாபுரம் பக்கத்துக் கர்ப்பிணிகளே, ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் மாத்திரைகளை விடாமல் சாப்பிடுங்கள். நீங்களோ வீட்டுக்காரரோ ஈயமோ பாதரசமோ புழங்கும் இடத்தில் வேலை பார்த்திருந்தால், முதல் பரிசோதனையிலேயே நர்ஸம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.