சாயப்பட்டறைத் தொழிலாளிக்கு ஏஐ இழப்பீடு வாங்கித் தருமா?

கொதிக்கும் சாயத் தண்ணீரில் பட்டு நூலை முக்கி, திருப்பி, எடுக்கும் வேலை. ஓரிக்கையில் இதை வருஷக்கணக்கில் செய்த ஒருவருக்கு நுரையீரல் கெட்டுப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். இழப்பீடு கேட்டுப் போனால் வக்கீலின் முதல் கேள்வி: எந்த ரசாயனம், எத்தனை நாள், ஆதாரம் இருக்கா?

அமெரிக்க வக்கீல்கள் இந்த இடத்தில்தான் ஏஐ-யைக் கொண்டுவருகிறார்கள். உதாரணத்துக்கு கேம்ப் லெஜூன் ராணுவ முகாம். 1953 முதல் 1987 வரை அங்கே குடிநீரில் ரசாயனம் கலந்திருந்தது. குறைந்தது 30 நாள் அங்கே இருந்து, அதனால் நோய் வந்தவர்கள் வழக்குப் போடலாம் என்று 2022-ல் சட்டம் வந்தது. இப்படிப்பட்ட வழக்குகளில் ஒருவரின் மருத்துவப் பதிவே ஆயிரம் பக்கம் தாண்டும். ஏஐ அதைப் படித்து, தேதி வாரியாக அடுக்கி, வேலை பார்த்த காலத்தோடு ஒப்பிட்டு, எங்கே ஓட்டை இருக்கிறது என்று காட்டும். 'இந்த நோய்க்கு இதுதான் காரணம்' என்று சொல்ல வேண்டியது மருத்துவ நிபுணர்தான். ஏஐ கதையும் விடும்: அது கொடுத்த, இல்லாத தீர்ப்புகளைக் கோர்ட்டில் காட்டிய நியூயார்க் வக்கீல்களுக்கு 2023-ல் 5,000 டாலர் அபராதம்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். ரத்தத்தில் ஏறிய பாதரசம் சில மாதங்களில் குறைந்துவிடும். அஞ்சு வருஷம் கழித்து டெஸ்ட் எடுத்து என்ன பயன்? அப்போது பேச வேண்டியது பழைய பதிவேடுகள்தான். 2016-ல் 591 பேருக்கான சமரசத்தில் வழக்கு முடிந்தது. பாதிப்புக்குத் தான் காரணம் என்று நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை.

1923-ம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் ஒரு நல்ல வழி வைத்தது. ஈயம், பாதரசம், குரோமியம் போன்ற சில விஷங்கள் புழங்கும் வேலையில், ஒரே முதலாளியிடம் தொடர்ந்து 6 மாதம் இருந்தவருக்கு அந்த நோய் வந்தால், வேலையால் வந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது முதலாளி பாடு.

ஆனால் அந்த 6 மாதத்தை எப்படிக் காட்டுவது? வருகைப் பதிவேடு, சம்பளச் சீட்டு எதுவும் இல்லாமல் கைக்கூலி வாங்குபவரிடம் ஏஐ படிக்க ஒரு தாள்கூட இருக்காது.

உங்க வீட்டில் யாராவது சாயப்பட்டறைக்குப் போகிறார்களா? சாய டப்பா லேபிளை இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். ஆஸ்பத்திரி ஓபி சீட்டையும், கூலி வந்த ஜிபே மெசேஜையும் அழிக்காதீர்கள்.